உமியும் நார்த் துகளும் கொண்டு சாயத் தண்ணீரின் நிறத்தை நீக்கும் முறை

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. பாசனத்துக்கென அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் கொங்கு நாட்டில் எல்லாரும் அறிந்தவை. அதே வட்டாரத்தில், பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்து நார் மில்களின் பின்புறம் தென்னை நார்த் துகள் மேடு மேடாகக் கிடக்கிறது. அரிசி ஆலைகளில் நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாக வெளியேறுகிறது. ஒரு கழிவைக் கொண்டு இன்னொரு கழிவைத் திருத்த முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களிலிருந்து ஆரஞ்சுத் தோல், வாழைத்தண்டு, தென்னை நார்த் துகள் ஆகியவற்றால் சாயம் நீக்கும் ஆய்வுகளை வரிசையாக வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வுகள் காட்டிய வழியைக் கல்லூரி மாணவர்களும், கோரைப் பாய், பனையோலைப் பெட்டி, கயிறு போன்றவற்றுக்குச் சிறிய அளவில் சாயம் ஏற்றுபவர்களும் தாமே செய்து பார்ப்பதற்காக இங்கே எழுதுகிறேன். பெரிய சாயப்பட்டறையின் கழிவுநீரை இந்த முறை ஒன்றைக் கொண்டே சுத்திகரித்துவிட முடியும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஏன் முடியாது என்பதையும் உரிய இடத்தில் சொல்கிறேன், ஏனெனில் அதை மறைத்து எழுதப்படும் செய்முறைகளே இந்தத் துறையில் அதிகம்.

முதலில் உங்கள் சாயம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. உமி, நார்த் துகள், கரும்புச் சக்கை, மரத்தூள் ஆகிய எல்லாம் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்களால் ஆனவை. இவற்றின் மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில், பீனால் தொகுதிகள், தண்ணீர் நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோ இருக்கும்போது ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு எதிர்மின்சுமை பெறுகின்றன. ஆகவே நேர்மின்சுமை கொண்ட சாயம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எதிர்மின்சுமை கொண்ட சாயம் விலகி நிற்கிறது. திடப்பொருளின் உட்புறம் ஊறாமல் அதன் பரப்பில் மட்டும் மூலக்கூறுகள் ஒட்டுவதால் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

சாயக் கடைகளில் 'பேசிக் சாயம்' என்று விற்கப்படுபவை நேர்மின்சுமை கொண்டவை. மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை, கிரிஸ்டல் வயலட் ஆகியவை இந்த வகை. பாயும் ஓலையும் கயிறும் லிக்னின் மிகுந்த பொருள்கள் என்பதால், இந்தச் சாயங்கள் அவற்றில் வேறு துணைப்பொருள் பெரிதாக வேண்டாமலே ஏறிவிடுகின்றன. கோரைக்கு ஏறும் சாயம் நார்த் துகளுக்கும் ஏறும் என்பதே இந்தச் செய்முறையின் அடிப்படை. சாயம் ஏற்றிய பிறகு பானையில் மிஞ்சும் தண்ணீரில், யாரும் சாயம் ஏற்றித் தரக் கேட்காத இன்னொரு கைப்பிடி நார்த் துகளைப் போடுகிறோம், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வரக் காரணமான ரோடமைன் பி-யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் மூலக்கூறில் அமிலத் தொகுதி ஒன்றும் இருப்பதால், மெத்திலீன் நீலத்தைப் போல அவ்வளவு எளிதாக ஒட்டாது.

திருப்பூரில் பனியன் துணிக்குப் பெரும்பாலும் பயன்படுவது 'ரியாக்டிவ் சாயம்'. அதன் மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் அது எதிர்மின்சுமை கொண்டது. பச்சையான உமியையும் நார்த் துகளையும் அதில் கொட்டிக் கலக்கிவிட்டு, "நிறம் குறையவே இல்லையே" என்று வருந்தும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிழை உமியிடம் இல்லை. ரியாக்டிவ் சாயத்துக்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். 'வாட் சாயம்', 'டிஸ்பர்ஸ் சாயம்' போன்றவை தண்ணீரில் கரையாத துகள்களாக இருப்பதால், அவற்றைச் சுண்ணாம்போ படிகாரமோ இட்டுத் தெளியவைப்பதே எளிது. பரப்புக் கவர்ச்சிக்குப் போகவே வேண்டாம்.

எந்தக் கழிவை எடுப்பது

தொடங்குபவர்களுக்குத் தென்னை நார்த் துகளையே நான் சொல்வேன். பஞ்சு போன்ற நுண்துளைகள் கொண்டது, லிக்னின் அதிகம், பேசிக் சாயத்தை விரைவாக வாங்கும். ஒரு காலத்தில் சாலையோரம் கொட்டி எரித்த இந்தத் துகள் இப்போது கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது என்பதால், அதை இலவசப் பொருள் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது. நமக்குத் தேவைப்படும் சில கிலோவை நார் மில்லில் கேட்டு வாங்குவது கடினமாக இருக்காது.

உமியில் 15 முதல் 20 சதவீதம் வரை சிலிக்கா இருக்கிறது. அதன் வெளிப்புறம் மெழுகும் சிலிக்காவும் படிந்து வழவழப்பாக இருப்பதால், பச்சை உமி சாயத்தைக் குறைவாகவே வாங்கும். ஆனால் அது ஊதாது, அழுகாது, தண்ணீர் தாராளமாக ஊடுருவும். குழாயில் நிரப்பி வடிகட்டியாகப் பயன்படுத்த நல்லது. கரும்புச் சக்கையில் சர்க்கரை மிச்சம் இருந்தால் இரண்டே நாளில் புளித்து நாற்றமெடுக்கும். நிலக்கடலைத் தோலும் மரத்தூளும் நன்றாகவே வேலை செய்கின்றன. வாழைத்தண்டை உலர்த்திப் பொடியாக்கும் உழைப்புக்கு ஈடாகப் பலன் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

பக்குவப்படுத்துதல்

நார்த் துகளைப் பக்குவப்படுத்துவதில் அவசரப்பட்டால் பின்னால் எல்லா அளவீடும் கெட்டுவிடும். நானும் என் மாணவர்களும் முதல்முறை செய்தபோது, மில்லிலிருந்து கொண்டுவந்த துகளை ஒரே ஒருமுறை அலசிவிட்டுச் சாயக் கரைசலில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் நீலம் போய்விட்டது. ஆனால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் நின்றது. துகளிலிருந்த டானின்கள் (தாவரங்களில் உள்ள துவர்ப்புப் பொருள்கள்) கரைந்து வந்திருந்தன. ஒரு நிறத்தை எடுத்துவிட்டு இன்னொரு நிறத்தைப் போட்டிருந்தோம். கழிவுநீரிலுள்ள பொருள்கள் சிதையத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவையும் அந்தப் பழுப்புத் தண்ணீர் கூட்டும் என்பதால், அது வெறும் கண்ணுக்குத் தெரியும் குறை அன்று.

ஆகவே துகளை முதலில் சல்லடையில் சலித்து, நீண்ட நார்களையும் மண்ணையும் நீக்கிவிட வேண்டும். பிறகு ஒரு வாளியில் போட்டு, துகளின் அளவைப் போலப் பத்து மடங்கு தண்ணீர் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் வெள்ளைத் துணியில் வடிக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகு, கடைசியாக ஒருமுறை வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து வடித்து, வடிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள்கூட இல்லாமல் தெளிவாக இருந்தால் கழுவியது போதும். நிறம் தெரிந்தால் இன்னும் ஒருமுறை. கடலோரத்தில் உப்பு நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த துகளாக இருந்தால், உப்புப் போகவும் இந்தக் கழுவல் வேண்டும்.

உமிக்குக் காரப் பக்குவம் செய்தால் அதன் கவரும் திறன் கூடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்தால் 0.1 மோலார் கரைசல் கிடைக்கும். நூறு கிராம் உமிக்கு இந்தக் கரைசல் ஒரு லிட்டர் என்ற அளவில் நான்கு மணி நேரம் ஊறவைத்தால், வெளியிலுள்ள மெழுகும் சிலிக்காவின் ஒரு பகுதியும் கரைந்து, உள்ளே உள்ள செல்லுலோஸ் வெளிப்படும். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இதைச் செய்யக் கூடாது; தண்ணீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காரத்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊறிய பின் வடியும் பழுப்புக் கரைசலும் ஒரு கழிவே என்பதால், அதை நீர்த்த அமிலம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அகற்ற வேண்டும். உமியை, அமில-கார அளவைக் காட்டும் பிஎச் தாளில் 7, அதாவது நடுநிலை, காட்டும்வரை கழுவ வேண்டும்.

கழுவியதை நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் போதும். ஆய்வகத்தில் அடுப்பு இருந்தால் 80 டிகிரி செல்சியசில் ஒரு நாள். உலர்ந்ததை மிக்ஸியில் சற்றே அடித்து, அரை மில்லிமீட்டர் கண் சல்லடையில் சலித்து, கால் மில்லிமீட்டருக்கும் கீழான தூசியை நீக்கிவிட வேண்டும். துகள் நுண்ணியதாக இருந்தால் விரைவாக வாங்கும் என்பது உண்மை. ஆனால் அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாமல் திணற வேண்டியிருக்கும். மூடி இறுகிய டப்பாவில் வைத்து, பொருளின் பெயரையும் பக்குவம் செய்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

மேசைமேல் ஒரு சோதனை

எடுத்த எடுப்பில் டிரம்முக்குப் போகாமல், மெத்திலீன் நீலம் கொண்டு ஒரு சோதனை செய்தால் உங்கள் பொருளின் திறன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். காங்கோ சிவப்பு பல செய்முறைகளில் சொல்லப்பட்டாலும், அது புற்றுநோயை உண்டாக்கும் பென்சிடினை அடிப்படையாகக் கொண்டது என்பதால் பள்ளி, கல்லூரி மேசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

0.1 கிராம் மெத்திலீன் நீலத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்ற மூலக் கரைசல் கிடைக்கும். அதில் 5 மில்லியை எடுத்து 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஐந்து குடுவைகளில் இந்தக் கரைசலை நூறு நூறு மில்லி எடுத்து, முறையே 0.05, 0.1, 0.2, 0.3, 0.5 கிராம் துகளைப் போடுங்கள். ஆறாவது குடுவையில் துகள் இல்லாத சாயக் கரைசல். ஏழாவதில் சாயம் இல்லாத தண்ணீரில் 0.5 கிராம் துகள். கடைசி இரண்டையும் பலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். ஆறாவது குடுவை, கண்ணாடிச் சுவரிலேயே எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்பதைக் காட்டும். ஏழாவது, துகளிலிருந்து நிறம் கசிகிறதா என்பதைக் காட்டும். இவை இரண்டும் இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை.

குலுக்கும் கருவி இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் சுழற்றிவிடலாம். 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் சிறிது சிறிதாக எடுத்துப் பாருங்கள். முதல் கால் மணி நேரத்தில் நிறம் வேகமாக விழும்; பரப்பில் காலியிடம் நிறைய இருப்பதே காரணம். பிறகு மெல்ல மெல்லக் குறைந்து ஓர் அளவில் நின்றுவிடும். அந்த நிலைதான் சமநிலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. துகளைப் பிரிக்க வடிதாளைப் பயன்படுத்தாதீர்கள். வடிதாளும் செல்லுலோஸ்தான்; மெத்திலீன் நீலத்தை அதுவும் வாங்கிக்கொள்ளும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் சாயமுள்ள தண்ணீரைத் தாளில் வடித்துப் பாருங்கள். தாள் நீலமாகிவிடும், கீழே சொட்டும் தண்ணீர் ஏறக்குறைய நிறமற்று இருக்கும். தாள் செய்த வேலையை உமியின் கணக்கில் எழுதிய அறிக்கைகளைத் திருத்தியிருக்கிறேன். மையவிலக்குக் கருவி இருந்தால் அதில் பிரியுங்கள். இல்லையென்றால் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரைக் குழல் கொண்டு உறிஞ்சி எடுங்கள்.

வண்ணமானி உள்ளவர்கள் 660 நானோமீட்டர் அருகே அளக்கலாம். மெத்திலீன் நீலம் மிக அதிகமாக ஒளியை உட்கவர்வது 664 நானோமீட்டரில். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே நீர்த்து அளந்தால்தான் அளவு நேர்கோட்டில் நிற்கும். கருவி இல்லாதவர்கள் 10, 5, 2, 1, 0.5 மில்லிகிராம் கரைசல்களை ஒரே அளவுள்ள உயரமான கண்ணாடிக் குழாய்களில் சம உயரத்துக்கு ஊற்றி, வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி, மேலிருந்து கீழாக நோக்கி ஒப்பிடலாம். பக்கவாட்டில் பார்ப்பதைவிட இது பல மடங்கு நுட்பமானது.

கணக்கு எளிது. தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, கரைசலின் கன அளவால் பெருக்கி, துகளின் எடையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 0.2 கிராம் போட்ட குடுவையில் 50 மில்லிகிராம் 4-ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 46, அதை 0.1 லிட்டரால் பெருக்கினால் 4.6 மில்லிகிராம், 0.2 கிராமால் வகுத்தால், ஒரு கிராம் துகள் 23 மில்லிகிராம் சாயத்தை வாங்கியிருக்கிறது. நீக்கம் 92 சதவீதம். அதே அளவில் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ துகள் வேண்டும்.

டிரம்மில் செய்யும்போது

பாய்க்கோ ஓலைக்கோ சாயம் ஏற்றிய தண்ணீர் சூடாக இருக்கும். அதை முதலில் ஆறவிட்டு, பிஎச் தாளில் பார்த்து, 6-க்கும் 8-க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். சாயம் ஏற அமிலம் சேர்த்திருந்தால், சுண்ணாம்புத் தெளிவு நீரைச் சிறிது சேர்த்தால் போதும். அமில நிலையில் ஹைட்ரஜன் அயனிகளே துகளின் பரப்பை ஆக்கிரமித்துக்கொண்டு சாயத்துக்கு இடம் தராது என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது.

ஒரே டிரம்மில் எல்லாத் துகளையும் கொட்டுவதைவிட, இரண்டு டிரம் வைத்துச் செய்வது துகளை மிச்சப்படுத்தும். இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு கிராம் துகள் எவ்வளவு சாயத்தை வாங்கும் என்பது, அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் எவ்வளவு சாயம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடர்ந்த சாயத்தில் நிறைய வாங்கும். தெளிந்த தண்ணீரில் குறைவாகவே வாங்கும். பரப்பில் இருக்கும் இடங்கள் வரையறுக்கப்பட்டவை என்று கொண்டு இந்த உறவைச் சமன்பாடாக எழுதியவர், 1932-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர். அவருடைய சமன்பாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால், தெளிந்த தண்ணீரோடு சமநிலைக்கு வந்த துகள் இன்னும் முழுதாக நிரம்பவில்லை என்பது புரியும். அதை எறிந்துவிட்டால் மீதித் திறன் வீண்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். புதிதாக வந்த அடர்ந்த சாயத் தண்ணீரை முதல் டிரம்மில் ஊற்றி, அதில் ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திய துகளைப் போட்டு ஒரு மணி நேரம் துழாவிவிட்டுத் தெளியவிட வேண்டும். பாதி நிறம் போன தண்ணீரை இரண்டாவது டிரம்முக்கு மாற்றி, அங்கே புதுத் துகளைப் போட வேண்டும். அடுத்த நாள், இரண்டாவது டிரம்மின் துகள் முதல் டிரம்முக்கு வரும். முதல் டிரம்மில் இருந்தது முற்றிலும் நிரம்பியதாகக் கழிவுக்குப் போகும். தண்ணீர் ஒரு திசையிலும் துகள் எதிர்த்திசையிலும் நகர்வதால், தெளிந்த தண்ணீர் கடைசியாகச் சந்திப்பது எப்போதும் புதுத் துகளையே.

துகளைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்தேன். பையை அவிழ்த்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்குத் துகள் கருநீலமாகவும், நடுவில் கொண்டுவந்த நாளைப் போலவே பழுப்பாகவும் இருக்கும். நடுவிலிருப்பது வேலையே செய்யவில்லை. துகளை அவிழ்த்துவிட்டுத் துழாவி, பிறகு கொசுவலையிலோ நைலான் துணியிலோ வடிப்பதே சரி.

தண்ணீர் தொடர்ந்து வரும் இடங்களில் நான்கு அங்குலப் பிவிசி குழாயை நிறுத்தி, அடியில் கூழாங்கல், அதன்மேல் ஆற்று மணல், அதன்மேல் துகள் என்று நிரப்பலாம். நார்த் துகள் தண்ணீரில் ஊதிக் குழாயை அடைத்துவிடும் என்பதால், முந்தின நாளே ஊறவைத்து, காரப் பக்குவம் செய்த உமியைச் சமபங்கு கலந்து நிரப்ப வேண்டும். உமி மிதக்கும், மேலே ஒரு வலையும் கல்லும் வைத்து அழுத்துங்கள். காற்றுக் குமிழ் தங்கினால் தண்ணீர் ஒரே வழியில் ஓடிவிடும் என்பதால், முதல்முறை நிரப்பும்போது அடியிலிருந்து மேலாகத் தண்ணீரை ஏற்ற வேண்டும். வெளியே வரும் தண்ணீரை நாள்தோறும் கண்ணாடிக் குழாயில் எடுத்து, முன்சொன்ன 1 மில்லிகிராம் கரைசலோடு ஒப்பிட்டு, அதைத் தாண்டிய அன்றே துகளை மாற்ற வேண்டும். நிறம் கண்ணில் படும் அளவுக்கு வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருந்தால், அதற்குள் நிறைய சாயம் வெளியே போயிருக்கும்.

ரியாக்டிவ் சாயமும் உப்பும்

ரியாக்டிவ் சாயத்தை இதே துகளால் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரின் பிஎச் 2 அல்லது 3-க்கு இறங்க வேண்டும். அப்போது துகளின் பரப்பு நேர்மின்சுமை பெறும். சாயம் வந்து ஒட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் உயர்ந்த சதவீதங்கள் பலவும் இந்த அமில நிலையில் பெறப்பட்டவை. ஆனால் பட்டறைத் தண்ணீர் சோடாவால் பிஎச் 10-க்கு மேல் நிற்கிறது. அதை 2-க்கு இறக்க ஒருமுறை அமிலமும், வெளியேற்றும் முன் 7-க்கு ஏற்ற மறுபடி காரமும் சேர்த்தால், சேர்த்தது எல்லாம் உப்பாகத் தண்ணீரிலேயே தங்கும். மாணவர்களின் ஆய்வுக்கு இது நல்ல பாடம். பட்டறைக்கு உகந்த வழி அன்று.

அதைவிட நல்லது, கழிவைக் கரியாக்கிப் பயன்படுத்துவது. நுண்துளைகள் பெருகும்படி பக்குவம் செய்த கிளர்வூட்டிய கரியின் பரப்பு மிகப் பெரியது. மின்சுமையை மட்டும் நம்பாமல் சாயத்தின் வளையங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ரியாக்டிவ் சாயத்தையும் வாங்கும். நார்த் துகளைத் துத்தநாகக் குளோரைடு சேர்த்துக் கரியாக்கும் முறை ஆய்வகத்துக்கு உரியது. வீட்டிலோ பட்டறைக் கொல்லையிலோ செய்யத் தக்கது அன்று. டப்பாவில் மூடி எரித்துச் செய்யும் சாதாரணக் கரியில் நுண்துளை குறைவு, எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடும் வரும். கொங்கு வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியிலிருந்து கிளர்வூட்டிய கரி தொழிற்சாலை அளவில் தயாராகிறது. அதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எந்தப் பொருளைப் போட்டாலும் தீராத ஒன்று உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க, லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போடுகிறார்கள். உமி, நார்த் துகள், கரி எதுவும் அந்த உப்பைத் தொடாது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கே உள்ள வரம்பு. நிறம் முழுக்கப் போய்க் கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர், இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியதாக இருக்கலாம்; அதைத் தென்னந்தோப்பில் பாய்ச்சினால் மண் கெடும், கிணறு கெடும். நொய்யல் கரை விவசாயிகளை அழவைத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். எதிர்ச் சவ்வூடு பரவலும் (தண்ணீரை அழுத்தி நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. முறை) ஆவியாக்கலும் கொண்டு, கழிவே வெளியேறாத முறையைப் பட்டறைகள் கட்ட வேண்டியிருந்தது இதனால்தான். அந்தச் சவ்வுகளுக்குத் தண்ணீர் போகும் முன் சாயத்தை எடுத்து அவற்றின் ஆயுளைக் கூட்டுவதே, பட்டறைகளில் பரப்புக் கவர்ச்சிக்கு உரிய இடம். கரைந்த உப்பின் அளவை மின்கடத்தல் வழியாகக் காட்டும் ஒரு கடத்துத்திறன் மானி வாங்கி வைத்துக்கொண்டு, தெளிந்த தண்ணீரை எங்கேயும் விடும் முன் அளந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். பேசிக் சாயம் ஏற்றுபவர்களுக்கு உப்பு வேண்டியதில்லை என்பதால், பாய்த் தண்ணீரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

நிரம்பிய துகளை என்ன செய்வது

சாயம் தண்ணீரைவிட்டுத் துகளுக்கு மாறியிருக்கிறது, மறைந்துவிடவில்லை. பேசிக் சாயம் ஏறிய துகளை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் சாயத்தின் ஒரு பகுதி திரும்பக் கரைந்து வரும், துகளையும் மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் அடர்ந்த அமிலச் சாயத் தண்ணீர் ஒன்று கையில் மிஞ்சும். துகள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இந்த மீட்பு வேலைக்கு அர்த்தம் இல்லை என்றே நினைக்கிறேன்.

நிரம்பிய துகளை எருக்குழியில் போடாதீர்கள். அது பார்க்க எரு போலவே இருப்பதாலும், நார்த் துகள் என்றாலே செடிக்கு நல்லது என்ற எண்ணம் இருப்பதாலும் இந்தத் தவறு எளிதில் நடந்துவிடுகிறது. மழையில் சாயம் மெல்லக் கசியும். அசோ வகைச் சாயங்கள் காற்றில்லா மண்ணில் சிதையும்போது நச்சுத்தன்மை கொண்ட அரோமாட்டிக் அமீன்களாக மாறக்கூடும். திறந்தவெளியில் எரிப்பதும் கூடாது. மழை படாத கூரைக்குக் கீழே, சிமென்ட் தரையில் பரப்பி உலர்த்தினால் எடை பெரிதும் குறையும். உலர்ந்ததைத் தடித்த பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, சாயத்தின் பெயர், துகளின் வகை, எடை, தேதி ஆகியவற்றை எழுதிய அட்டையைச் சாக்கின் வெளியிலும் உள்ளேயும் ஒன்றாக வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்பும்வரை ஈரம் படாமல் வைத்திருங்கள். கல்லூரி ஆய்வகங்கள், மற்ற வேதிக்கழிவுகளோடு சேர்த்து இதையும் அதே பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம்.